கமாண்ட் லைனிலிருந்து டெஸ்டுகளைத் தேர்ந்தெடுத்து ஓட்டுவதும் நிறுத்திவைப்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் டீமுக்குப் புதிதாக வருபவர்கள் முதல் இரண்டு வாரத்தில் என்னிடம் கேட்பதில் பாதி இதைப் பற்றித்தான்: ‘எல்லா டெஸ்டும் ஓடாமல் இது மட்டும் ஓட என்ன அடிக்கணும்?’ ஒவ்வொரு தடவையும் சாட்டில் பதில் அடித்து அலுத்துப்போய் ஒரே இடத்தில் எழுதிவிட்டேன்.

ஒரு விஷயம். கட்டளைகளை வாயால் சொல்கிற மாதிரி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அடிக்கும்போது அந்த உச்சரிப்புக்கான ஆங்கில எழுத்துகளைப் போட்டுக்கொள்ளுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

எல்லாவற்றையும் ஓட்டிவிட்டால் என்ன? எதற்குத் தேர்ந்தெடுக்க வேண்டும்?

முழு ஓட்டமும் ஒரு நிமிடத்தில் முடிகிறதென்றால் தாராளமாக ஓட்டுங்கள். இந்தப் பக்கமே உங்களுக்குத் தேவையில்லை. 20 நிமிடம் ஆகிறது என்றால்தான் சிக்கல். ஒரு வரியை மாற்றிவிட்டு 20 நிமிடம் யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். டெஸ்டே ஓட்டாமல் கமிட் செய்து, சிஐ (கோடை அனுப்பியதும் தானாக டெஸ்டுகளை ஓட்டும் அமைப்பு) பார்த்துக்கொள்ளட்டும் என்று போய்விடுவார்கள். அது தவிர, டேட்டாபேஸ் வேண்டும், நெட்வொர்க் வேண்டும், இந்த ஆபரேட்டிங் சிஸ்டம்தான் வேண்டும் என்று கேட்கிற டெஸ்டுகள் உங்கள் லேப்டாப்பில் எப்படியும் ஓடப்போவதில்லை.

ஒரே ஒரு டெஸ்டை மட்டும் ஓட்டுவது எப்படி?

டூலுக்கு டூல் மாறும். பைத்தானுக்கான பைடெஸ்டில் ஃபைலின் பாதை, அதன் பின்னால் இரண்டு கோலன், அப்புறம் ஃபங்ஷன் பெயர்: ‘பைடெஸ்ட் டெஸ்ட்_கார்ட்.பை::டெஸ்ட்_டிஸ்கவுண்ட்’. நடுவில் கிளாஸ் இருந்தால் அதற்கும் இரண்டு கோலன். ஒரே டெஸ்டைப் பல மதிப்புகளோடு ஓட்டும்படி எழுதியிருந்தால், கடைசியில் சதுர அடைப்புக்குள் அந்த மதிப்பின் பெயரையும் சேர்க்கலாம்.

ஜாவாவுக்கான மேவனில் சிஸ்டம் ப்ராப்பர்ட்டி தருகிற பெரிய ‘டி’ எழுத்தோடு ‘-டிடெஸ்ட்=கார்ட்டெஸ்ட்#டிஸ்கவுண்ட்’; கிளாஸுக்கும் மெத்தடுக்கும் நடுவே ஹேஷ் குறி. ஜாவாவின் இன்னொரு பில்டு டூலான கிரேடிலில் ‘--டெஸ்ட்ஸ்’ என்று போட்டுப் புள்ளியால் பிரிக்க வேண்டும். கோ மொழியில் ‘-ரன்’, ரஸ்டில் ‘கார்கோ டெஸ்ட்’ என்பதற்குப் பின்னால் நேரடியாகப் பெயர், சி++-க்கான கூகுள்டெஸ்டில் ‘--ஜிடெஸ்ட்_ஃபில்டர்=’, ஜாவாஸ்கிரிப்டுக்கான ஜெஸ்டில் ‘--டெஸ்ட்நேம்பேட்டர்ன்’. ரூபிக்கான ஆர்ஸ்பெக்கில் ஃபைல் பெயர், ஒரு கோலன், வரி எண். பெயரை நினைவில் வைக்கவே வேண்டாம், எடிட்டரில் கர்சர் நிற்கிற வரியைக் கொடுத்தால் போதும். மற்ற டூல்களிலும் இது இருக்கக்கூடாதா என்று நான் ஏங்குவதுண்டு.

பெயரின் ஒரு பகுதியைக் கொடுத்தேன். சம்பந்தமில்லாதவையும் சேர்ந்து ஓடுகின்றனவே?

ஏனென்றால் நீங்கள் கொடுத்தது பெயரே அல்ல, தேடல் சொல். பைடெஸ்டின் ‘-கே’ அந்தச் சொல் பெயருக்குள் எங்கே இருந்தாலும் பிடிக்கும், பெரிய எழுத்து சின்ன எழுத்து பார்க்காது. அதைவிட முக்கியம், ஃபங்ஷன் பெயரோடு கிளாஸ் பெயரையும் ஃபைல் பெயரையும் சேர்த்துத்தான் தேடும். ‘-கே யூசர்’ என்று அடித்தீர்கள், ஃபைலின் பெயர் ‘டெஸ்ட்_யூசர்.பை’ என்றால் அந்த ஃபைலில் உள்ள அத்தனையும் ஓடும். குறுக்க வேண்டுமென்றால் ‘-கே "லாகின் அண்ட் நாட் அட்மின்"’ என்பதுபோல அண்ட், ஆர், நாட் சேர்க்கலாம்.

கோ மொழியின் ‘-ரன்’ வாங்கிக்கொள்வது ரெகெக்ஸ், அதாவது எழுத்துகளின் அமைப்பைச் சொல்லும் பேட்டர்ன். இரண்டு முனையும் கட்டப்படாதது. ‘டெஸ்ட்சேவ்’ என்று கொடுத்தால் ‘டெஸ்ட்சேவ்ஆல்’ என்பதும் வரும். தொடக்கத்தில் ‘^’, முடிவில் ‘$’ போட்டால் சரியாக அது மட்டும். சப்டெஸ்டுக்கு (டெஸ்டுக்குள் இருக்கும் டெஸ்டுக்கு) இறங்க ‘/’. கார்கோவும் பெயரின் பகுதியைத்தான் தேடும். முழுப் பெயர் பொருந்த வேண்டுமென்றால் இரட்டை ஹைபனுக்குப் பின்னால் ‘--எக்ஸாக்ட்’.

ஓட்டாமலே எவையெவை சிக்கும் என்று பார்க்க முடியுமா?

முடியும், பார்க்கவும் வேண்டும். பைடெஸ்டில் ‘--கலெக்ட்-ஒன்லி -க்யூ’, கூகுள்டெஸ்டில் ‘--ஜிடெஸ்ட்_லிஸ்ட்_டெஸ்ட்ஸ்’, சிமேக்கோடு வரும் சிடெஸ்டில் பெரிய எழுத்தில் ‘-என்’, கோ மொழியில் ‘-லிஸ்ட்’.

மூன்று டெஸ்டை மட்டும் விட்டுவிட்டு மீதியை எல்லாம் ஓட்ட வேண்டும்.

கூகுள்டெஸ்டில் ஃபில்டருக்குள் ஒரு மைனஸ் குறி போட்டால், அதற்குப் பின்னால் வருவதெல்லாம் விலக்க வேண்டியவை. பலவற்றைக் கோலனால் பிரிக்கலாம்; ஒவ்வொன்றுக்கும் முன்னால் தனித்தனி மைனஸ் தேவையில்லை. சிடெஸ்டில் சேர்க்கப் பெரிய எழுத்தில் ‘-ஆர்’, விலக்கப் பெரிய எழுத்தில் ‘-இ’. ஜாவாஸ்கிரிப்டுக்கான மோக்காவில் ‘--கிரெப்’ உடன் ‘--இன்வர்ட்’. கார்கோவில் இரட்டை ஹைபனுக்குப் பின்னால் ‘--ஸ்கிப்’. கோ மொழியில் நீண்ட நாள் இதற்கு நேர்வழியே இல்லை. 2023 பிப்ரவரியில் வந்த 1.20 பதிப்பில்தான் ‘-ஸ்கிப்’ சேர்ந்தது.

பைடெஸ்டில் இதற்கு மூன்று வழி உண்டு, மூன்றும் ஒன்றல்ல. ‘-கே "நாட் ..."’ பெயரை வைத்து விலக்கும். ‘--டீசெலக்ட்’ குறிப்பிட்ட டெஸ்டின் முழு முகவரியை வைத்து விலக்கும். இந்த இரண்டிலும் ஃபைல் இம்போர்ட் ஆன பிறகுதான் விலக்கல் நடக்கிறது. ‘--இக்னோர்’ அந்த ஃபைலைத் திறப்பதே இல்லை. வித்தியாசம் எப்போது தெரியுமென்றால், உங்களிடம் இல்லாத ஏதோ ஒரு லைப்ரரியை அந்த ஃபைல் முதல் வரியிலேயே கேட்கும்போது. எத்தனை டீசெலக்ட் போட்டாலும் இம்போர்ட் எரர்தான் வரும். ‘ஆனால் நான் அதை விலக்கிவிட்டேனே’ என்று திரையைப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கும் ஆளைக் கண்டால் ‘--இக்னோர் போடுப்பா’ என்று சொல்லிவிட்டு நகருங்கள்.

கட்டளை சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் ‘பொருந்துவது எதுவும் இல்லை’ என்கிறதே?

டூலின் கைக்குப் போவதற்கு முன்னால் உங்கள் கட்டளையை ஷெல் (டெர்மினலில் அடிப்பதை வாங்கி இயக்கும் புரோகிராம்) ஒரு முறை படித்துவிடுகிறது, பாதிப் பிரச்சினை அங்கேதான். சதுர அடைப்புள்ள பைடெஸ்ட் முகவரியை மேற்கோள் இல்லாமல் இஸட்ஷெல்லில் அடித்தால், அதை ஃபைல் பெயர்களைப் பிடிக்கும் பேட்டர்ன் என்று நினைத்து ‘நோ மேட்சஸ் ஃபவுண்ட்’ என்று சொல்லிவிடும். பைடெஸ்ட் தொடங்கியிருக்கவே தொடங்கியிருக்காது. நட்சத்திரக் குறிக்கும் இதே கதி. பாஷில் இரட்டை மேற்கோளுக்குள் ஆச்சரியக்குறி வந்தால் அது பழைய கட்டளைகளைத் தேடப் போய்விடும். ‘|’, ‘&’ இரண்டையும் மேற்கோள் இல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒற்றை மேற்கோளுக்குள் போடுவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள், லினக்ஸிலும் மேக்கிலும் ஏறக்குறைய எல்லாம் தீர்ந்துவிடும்.

விண்டோஸின் பவர்ஷெல்லில் வேறு வேடிக்கை. ‘-டிமேவன்.டெஸ்ட்.ஸ்கிப்=ட்ரூ’ என்று அடித்தால் முதல் புள்ளியில் வெட்டி இரண்டு துண்டாக அனுப்பும். ‘.டெஸ்ட்.ஸ்கிப்=ட்ரூ’ என்ற வேலை தனக்குத் தெரியாது என்று மேவன் புலம்பும். முழுவதையும் மேற்கோளுக்குள் போடுங்கள்.

ஜாவாஸ்கிரிப்டின் என்பிஎம் வழியாக ஓட்டுகிறவர்கள், ‘என்பிஎம் டெஸ்ட்’ என்பதற்குப் பின்னால் தனியாக ஒரு இரட்டை ஹைபன் போட்டுவிட்டுத்தான் உங்கள் ஆப்ஷனை எழுத வேண்டும். இல்லையென்றால் அதை என்பிஎம் தனக்கு வந்ததாக எடுத்துக்கொள்ளும்.

பெயரை வைத்துத் தேடுவது நல்லதா, டேக் போடுவது நல்லதா?

டேக் என்பது கோடில் டெஸ்டின் மேல் ஒட்டும் ஓர் அடையாளச் சொல். இப்போதைக்கு, எனக்கு மட்டும் என்றால் பெயர். தினமும், எல்லோருக்கும் என்றால் டேக். பெயர் மாறும், டேக் டெஸ்டோடு ஒட்டிக்கொண்டே போகும்.

பைடெஸ்டில் இதை மார்க்கர் என்பார்கள். ‘-எம் "நாட் ஸ்லோ"’ என்று ஓட்டலாம். ஜாவாவின் ஜேயூனிட் 5-இல் டேக். மேவனிலிருந்து ‘குரூப்ஸ்’, ‘எக்ஸ்க்ளூடட்குரூப்ஸ்’ என்ற ப்ராப்பர்ட்டிகள். பிஎச்பியூனிட்டில் ‘--குரூப்’, ‘--எக்ஸ்க்ளூட்-குரூப்’. டாட்நெட்டில் ‘--ஃபில்டர் "கேட்டகரி!=ஸ்லோ"’.

என் கருத்து, ஒரு ப்ராஜெக்டுக்கு நாலு டேக் போதும். அந்த டெஸ்டுக்கு என்ன தேவை என்பதை வைத்துப் பெயர் வையுங்கள்: நேரம் வேண்டும், நெட்வொர்க் வேண்டும், டேட்டாபேஸ் வேண்டும். எந்த டீம் எழுதியது, எந்த ரிலீஸில் வந்தது என்பதெல்லாம் டேக் ஆனால் ஆறு மாதத்தில் யாருக்கும் புரியாது.

எழுத்துப்பிழைக்கு மட்டும் கவனம். மார்க்கரில் ஒரு எழுத்தைத் தவறாக அடித்தால் பைடெஸ்ட் ஒரு எச்சரிக்கை மட்டும் தந்துவிட்டு வேலையைத் தொடரும். மெதுவானவற்றை விலக்கி ஓட்டுகிறீர்கள், ஆனால் பிழையான டேக் போட்ட அந்த ஆறு நிமிட டெஸ்ட் மட்டும் சாவகாசமாக ஓடிக்கொண்டிருக்கும். ‘--ஸ்ட்ரிக்ட்-மார்க்கர்ஸ்’ போட்டுவிட்டால், முன்கூட்டியே பதிவு செய்யாத எந்த மார்க்கரும் எரர் ஆகிவிடும். இதை கான்ஃபிக் ஃபைலிலேயே எழுதிவிடுங்கள்.

மெதுவானவை இயல்பாகவே ஓடாதபடி கான்ஃபிக்கில் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அவையும் ஓட வேண்டும்.

கான்ஃபிக்கில் ‘ஆட்ஆப்ட்ஸ்’ என்ற இடத்தில் எழுதியதை பைடெஸ்ட் நீங்கள் அடிப்பதற்கு முன்னால் வைத்துக்கொள்கிறது. ‘-எம்’ இரண்டு தடவை வந்தால் கடைசியாக வந்ததுதான் செல்லும். அதனால் ‘-எம் ஸ்லோ’ என்றால் மெதுவானவை மட்டும், ‘-எம்’ போட்டு வெறும் மேற்கோள் ஜோடி கொடுத்தால் எல்லாமே.

இதே விதி உங்களைக் கடிக்கவும் செய்யும். கான்ஃபிக்கில் ‘நாட் ஸ்லோ’ இருக்கிறது, நீங்கள் ‘-எம் "நாட் நெட்வொர்க்"’ என்று அடித்தீர்கள். இரண்டும் சேர்ந்துகொள்ளும் என்று நினைப்போம். சேராது. மெதுவானவை அத்தனையும் ஓடும்.

கமாண்ட் லைனில் விலக்குவதா, கோடிலேயே ஸ்கிப் என்று எழுதிவிடுவதா?

கமாண்ட் லைன் ஃபில்டர் உங்களுடையது. உங்கள் டெர்மினலில், இந்த ஒரு ஓட்டத்துக்கு. கோடில் எழுதிய ஸ்கிப் எல்லோருடையது, யாராவது எடுக்கும்வரை இருக்கும். நான் மதியம் வேலை பார்க்கும்போது தொல்லை தருகிறது என்பதற்காக ஒரு டெஸ்டை எல்லோருக்கும் அணைக்க எனக்கு என்ன உரிமை? அந்த இடத்தில் ஃபில்டர். இந்த டெஸ்ட் விண்டோஸில் அர்த்தமே இல்லை என்பது போன்ற உண்மை என்றால், அது கோடில் நிபந்தனையோடு இருக்க வேண்டும்: பைடெஸ்டில் ‘ஸ்கிப்இஃப்’, ஜேயூனிட் 5-இல் ஆபரேட்டிங் சிஸ்டம், என்விரான்மென்ட் வேரியபிள், சிஸ்டம் ப்ராப்பர்ட்டி எதை வைத்தும் நிபந்தனை போடலாம்.

மூன்றாவதாக, பக் இருப்பது தெரியும், சரிசெய்ய நாளாகும் என்ற நிலை. இங்கே நான் ஸ்கிப் போட மாட்டேன், ‘எக்ஸ்ஃபெயில்’ போடுவேன். டெஸ்ட் ஓடும், ஃபெயில் ஆகும், அது எதிர்பார்த்ததுதான் என்று பைடெஸ்ட் குறித்துக்கொள்ளும். அதோடு ‘ஸ்ட்ரிக்ட்’ என்பதை ட்ரூ ஆக்கிவிட்டால், யாராவது பக்கைச் சரிசெய்து டெஸ்ட் பாஸ் ஆகிற அன்றைக்கு ஓட்டம் சிவப்பாகும், அதாவது ஃபெயில் என்று முடியும். அப்போது மார்க்கரை எடுத்தே ஆக வேண்டும். ஸ்கிப் அப்படி யாரையும் கூப்பிடாது.

கோடில் எழுதுவதென்றால் காரணத்தையும் டிக்கெட் எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். ‘தற்காலிகமாக’ என்பது காரணம் இல்லை.

நிறுத்திவைத்த டெஸ்டை டூல் ஞாபகப்படுத்துமா?

கூகுள்டெஸ்ட் நன்றாகவே ஞாபகப்படுத்தும். டெஸ்ட் பெயருக்கு முன்னால் பெரிய எழுத்தில் ‘டிசேபிள்ட்_’ என்று சேர்த்தால் அது ஓடாது, ஆனால் கம்பைல் ஆகிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு ஓட்டத்தின் முடிவிலும் ‘உங்களிடம் இத்தனை டிசேபிள் செய்த டெஸ்ட் இருக்கிறது’ என்று பெரிய எழுத்தில் கத்தும். ரஸ்ட் சுருக்க வரியில் ‘இக்னோர்ட்’ எண்ணிக்கையைக் காட்டும். கோ மொழிதான் அழுத்தம்: டெஸ்டுக்குள் ஸ்கிப் அழைத்திருந்தால், ‘-வி’ போடாமல் ஓட்டும்போது ஒரு ‘ஓகே’யோடு போய்விடும். பைடெஸ்டில் எண்ணிக்கை தானாக வரும், காரணமும் வேண்டுமென்றால் ‘-ஆர்எஸ்’, இரண்டும் சின்ன எழுத்து.

ஒரு டெஸ்டும் ஓடவில்லை, ஆனால் பச்சையாக இருக்கிறது. இது நடக்குமா?

எனக்கு நடந்திருக்கிறது. முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், தொகையை முழு எண்ணாக்குகிற பகுதிக்கு சிஐயில் தனியாக ஒரு ஸ்டெப் வைத்திருந்தோம். கோ மொழி, ‘-ரன்’ போட்டு ஒரு பேட்டர்ன். ஒருவர் கோடைச் சுத்தம் செய்தபோது டெஸ்டுகளின் பெயரில் ஒரு சொல்லை மாற்றினார், நல்ல மாற்றம்தான், ரிவ்யூ செய்து சம்மதம் சொன்னவன் நான். பைப்லைன் ஃபைலில் இருந்த பேட்டர்னை யாரும் தொடவில்லை. அந்த ஸ்டெப் முன்பு 40 நொடி ஓடும். மறுநாளிலிருந்து 2 நொடி. வேகமாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டோம்! மூன்று வாரம் கழித்துத் தவறான தொகை ஒன்று வெளியே போன பிறகுதான் லாகைத் திறந்து பார்த்தோம். ஒவ்வொரு ஓட்டத்திலும் அந்த வரி இருந்தது: ‘நோ டெஸ்ட்ஸ் டு ரன்’. அதன் கீழேயே ‘ஓகே’.

டூல்கள் இந்த விஷயத்தில் ஒரே மாதிரி இல்லை. ஒரு டெஸ்டும் சிக்கவில்லை என்றால் பைடெஸ்ட் 5 என்ற எக்ஸிட் கோடோடு (முடியும்போது டூல் திருப்பித் தரும் எண், 0 என்றால் வெற்றி) முடியும், அதாவது சிஐ சிவப்பாகும். கோ, கார்கோ இரண்டும் 0 தந்து பச்சையாக முடிக்கும். சிடெஸ்டும் இயல்பில் அப்படித்தான், ‘--நோ-டெஸ்ட்ஸ்=எரர்’ கொடுத்து மாற்றலாம். ஜெஸ்ட் ஒரு ஃபைலும் பொருந்தாவிட்டால் எரர் தரும். ஃபைல் பொருந்தி உள்ளே பெயர் எதுவும் பொருந்தாவிட்டால், எல்லாவற்றையும் ஸ்கிப் என்று எண்ணிக்கொண்டு பாஸ் ஆகிவிடும். மேவனில் நீங்கள் கொடுத்த பெயர் பொருந்தாவிட்டால் பில்டு உடையும். பல மாட்யூல் உள்ள ப்ராஜெக்டில் இது தொல்லை என்று, பொருந்தாவிட்டாலும் பரவாயில்லை என்கிற ப்ராப்பர்ட்டியைப் போட்டு வாயை அடைத்துவிடுவார்கள். லேப்டாப்பில் போடுங்கள், சிஐயில் வேண்டாம்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. நிறத்தைப் பார்ப்பதற்கு முன்னால் எண்ணைப் பார்ப்பேன். பைடெஸ்டில் ‘கலெக்டட் 412 ஐட்டம்ஸ் / 409 டீசெலக்டட் / 3 செலக்டட்’ என்று ஒரு வரி வரும். நான் எதிர்பார்த்தது 5 என்றால், மூன்றும் பாஸ் ஆனதில் எனக்கு ஒரு அக்கறையும் இல்லை.

‘ஒன்லி’ என்று எழுதியதை மறந்துபோய் கமிட் செய்துவிட்டேன்.

செய்யாதவர் யாருமில்லை. ஜாவாஸ்கிரிப்ட் டூல்களில் ஒரு டெஸ்டின் பின்னால் ‘.ஒன்லி’ போட்டால் மற்றவை ஓடாது (ஜெஸ்டில் அந்த ஃபைலில் உள்ள மற்றவை மட்டும்). தேடுவதற்கு வசதி, மறந்தால் ஆபத்து. மோக்காவிலும் பிளேரைட்டிலும் ‘--ஃபர்பிட்-ஒன்லி’ இருக்கிறது, சிஐயில் அதைப் போடுங்கள். ஜெஸ்டுக்கு, இதைப் பிடித்துக்காட்டும் இஎஸ்லின்ட் (கோடைச் சரிபார்க்கும் டூல்) விதி ஒன்று உண்டு. கமாண்ட் லைனில் பெயரைக் கொடுத்து ஓட்டப் பழகிவிட்டால் இந்தக் கவலையே இல்லை என்பது என் வாதம். கோடில் எதையும் மாற்றவில்லை, மறக்கவும் எதுவும் இல்லை.

ஃபெயில் ஆனவற்றை மட்டும் மறுபடி ஓட்ட?

பைடெஸ்டில் ‘--எல்எஃப்’. ஃபெயில் ஆனவை முதலில், பிறகு மற்றவை என்றால் ‘--எஃப்எஃப்’. முதல் ஃபெயிலில் நின்று, அடுத்த தடவை அங்கிருந்தே தொடர ‘--எஸ்டபிள்யூ’. பெரிய ரீஃபாக்டரிங் நடக்கும்போது கடைசியாகச் சொன்னதைத்தான் நான் அதிகம் அடிப்பேன்: ஒன்றைச் சரிசெய், நகர், அடுத்ததைச் சரிசெய். சிடெஸ்டில் ‘--ரீரன்-ஃபெயில்ட்’.

‘--எல்எஃப்’ போட்டும் எல்லாம் ஓடுகிறது என்று ஒருவர் புகார் சொன்னார். போன ஓட்டத்தில் எதுவும் ஃபெயில் ஆகவில்லை என்றால் இயல்பாக அது முழுவதையும் ஓட்டும். சிஐயில் ஒவ்வொரு தடவையும் புது மெஷின் என்றால் போன ஓட்டத்தின் நினைவு இருக்காது, அங்கேயும் அதே கதை.

தனியாக ஓட்டினால் பாஸ், எல்லாவற்றோடும் ஓட்டினால் ஃபெயில். ஏன்?

முன்னால் ஓடிய ஏதோ ஒன்று எதையோ விட்டுவிட்டுப் போயிருக்கிறது. ஒரு குளோபல் வேரியபிள், அழிக்காத ஒரு ஃபைல், டேட்டாபேஸில் ஒரு வரி. எது என்று கண்டுபிடிக்கத் தேர்ந்தெடுத்து ஓட்டுவதுதான் கருவி. உங்கள் டெஸ்டுக்கு முன்னால் 200 டெஸ்ட் ஓடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். முதல் 100-ஐயும் உங்கள் டெஸ்டையும் மட்டும் ஓட்டுங்கள். ஃபெயில் ஆனால் குற்றவாளி அந்த 100-க்குள். பாஸ் ஆனால் மீதி 100-க்குள். அப்புறம் 50, 25 என்று பாதிபாதியாக. எட்டு ஓட்டத்தில் ஒரே டெஸ்டில் வந்து நிற்பீர்கள், குற்றவாளி ஒருவர்தான் என்றால். ஆர்ஸ்பெக்கில் ‘--பைசெக்ட்’ இதைத் தானாகவே செய்து கொடுக்கும். கோ மொழியில் ‘-ஷஃபிள்=ஆன்’ போட்டு அவ்வப்போது வரிசையைக் கலைத்து ஓட்டினால், இப்படிப்பட்டவை முன்கூட்டியே வெளியே வரும்.

டெஸ்டை மாற்றவில்லை, மறுபடி ஓட்டினால் உடனே முடிந்துவிடுகிறது. உண்மையிலேயே ஓடியதா?

ஓடவில்லை. கோ மொழியில் பேக்கேஜ் பெயர் கொடுத்து ஓட்டும்போது, எதுவும் மாறவில்லை என்றால் பழைய முடிவையே ‘கேஷ்ட்’ என்ற குறிப்போடு காட்டும்; ‘-கவுண்ட்=1’ போட்டால் நிஜமாக ஓடும். கிரேடிலும் ‘அப்-டு-டேட்’ என்று சொல்லித் தாண்டிவிடும், ‘--ரீரன்-டாஸ்க்ஸ்’ கொடுங்கள்.

மேவனில் டெஸ்டுகளை அணைக்க இரண்டு ப்ராப்பர்ட்டி இருக்கின்றனவே?

‘ஸ்கிப்டெஸ்ட்ஸ்’ டெஸ்ட் கோடைக் கம்பைல் செய்யும், ஓட்டாது. ‘மேவன்.டெஸ்ட்.ஸ்கிப்’ கம்பைலும் செய்யாது. முதலாவதையே போடுங்கள், டெஸ்ட் கோட் கம்பைல் ஆகாத நிலையாவது உடனே தெரியும். இன்னொரு மாட்யூலின் டெஸ்ட் ஜாரை நம்பியிருக்கும் மாட்யூல் இருந்தால் இரண்டாவது வழியில் பில்டே உடையலாம்.

சில நேரம் பாஸ், சில நேரம் ஃபெயில் ஆகிற டெஸ்டை என்ன செய்வது? அணைத்துவிடலாமா?

ஃப்ளேக்கி டெஸ்ட் உங்களுக்கு மட்டும் வாய்த்த சாபம் இல்லை. தங்கள் டெஸ்டுகளில் கிட்டத்தட்ட 16 சதவீதத்தில் ஏதோ ஒரு அளவு இந்தக் குணம் இருக்கிறது என்று கூகுள் 2016-இல் எழுதியது.

அணைக்க வேண்டாம், ஒதுக்கி வையுங்கள். ‘ஃப்ளேக்கி’ என்று ஒரு டேக். மெர்ஜைத் தடுக்கிற ஓட்டத்தில் ‘நாட் ஃப்ளேக்கி’. இன்னொரு ஓட்டம், யாரையும் தடுக்காதது, அதில் அந்த டேக் மட்டும். இப்படிச் செய்தால் டெஸ்ட் ஓடிக்கொண்டே இருக்கும், எத்தனை தடவைக்கு ஒரு தடவை விழுகிறது என்ற கணக்கும் கையில் இருக்கும். ஃபெயில் ஆனால் தானாக மறுபடி ஓட்டும் ப்ளகின்கள் இருக்கின்றன. தலைவலி மாத்திரை மாதிரி, தினமும் போட்டால் எதற்குப் போடுகிறோம் என்பதே மறந்துவிடும்.

ஒவ்வொரு தடவையும் அடிக்காமல் என்விரான்மென்ட் வேரியபிளில் வைத்துவிடலாமா?

பைடெஸ்டுக்கு ‘பைடெஸ்ட்_ஆட்ஆப்ட்ஸ்’, கூகுள்டெஸ்டுக்கு ‘ஜிடெஸ்ட்_ஃபில்டர்’, இரண்டும் பெரிய எழுத்தில். ஒரே ஒரு கட்டளைக்கு முன்னால் எழுதினால் சரி. எக்ஸ்போர்ட் செய்துவிட்டால் அந்த டெர்மினல் மூடும்வரை ஒட்டிக்கொண்டிருக்கும். காலையில் எக்ஸ்போர்ட் செய்து, மதியம் ‘என் டெஸ்டெல்லாம் எங்கே போச்சு’ என்று ரெபோவையே புதிதாக குளோன் செய்த ஒருவரை எனக்குத் தெரியும். அவரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டித்தான் வெளியிடுகிறேன்.

நிறுத்திவைத்தவை அத்தனையையும் ஒரு தடவை ஓட்டிப் பார்க்க முடியுமா?

ரஸ்டில் ‘--இக்னோர்ட்’ என்றால் அவை மட்டும், ‘--இன்க்ளூட்-இக்னோர்ட்’ என்றால் எல்லாமே. இரண்டுக்கும் முன்னால் அந்தத் தனி இரட்டை ஹைபன் வேண்டும். கூகுள்டெஸ்டில் ‘--ஜிடெஸ்ட்_ஆல்சோ_ரன்_டிசேபிள்ட்_டெஸ்ட்ஸ்’. ஜேயூனிட் 5-இல் நிபந்தனைகளைச் செயலிழக்கச் செய்கிற ஒரு செட்டிங் இருக்கிறது. பைடெஸ்டில் ‘--ரன்எக்ஸ்ஃபெயில்’ எக்ஸ்ஃபெயில்களுக்கு மட்டும் உதவும். ஸ்கிப்பை மீற உள்ளே ஆப்ஷன் கிடையாது, ‘-ஆர்எஸ்’ போட்டுப் பட்டியலை எடுத்துக் கையால்தான் பார்க்க வேண்டும்.

நாங்கள் மாதத்துக்கு ஒரு தடவை இதைச் செய்கிறோம், வெள்ளிக்கிழமை மாலை, வேறு வேலை ஓடாத நேரத்தில். கடைசியாகப் பார்த்தபோது 17 இருந்தன. 6 ஒரு மாற்றமும் இல்லாமல் பாஸ் ஆயின, ஸ்கிப்பை அப்போதே எடுத்தோம். 4 டெஸ்டுகள் சோதித்த ஃபீச்சரே இப்போது இல்லை, நீக்கினோம். மீதி 7-இல் ஒன்றின் காரணம் ‘தற்காலிகமாக’ என்று இருந்தது, கமிட்டைத் தேடிப் பார்த்தால் எழுதியது நான்.